குல்லா மாமாவும் இருபத்துநாலு காட்சிகளும்

முழு டிசம்பரையும் நானே பொறுப்பெடுத்துக்கொள்வது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பல் துலக்கிக்கொண்டிருக்கும்போது முடிவு செய்தேன். பெரிய முடிவுகளை நான் பல் துலக்கும்போதுதான் எடுப்பது வழக்கம். என் வாய் திறந்திருந்தும் மனைவி என்னிடம் பதில் எதிர்பார்க்காத ஒரே நேரம் அதுதான்.

விஷயம் இதுதான். எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸுக்கு ஒரு விளையாட்டு உண்டு. சாண் உயரத்தில் ஒரு துணிப் பொம்மை. சிவப்புக் குல்லா, பஞ்சுத் தாடி, கொஞ்சம் இறங்கித் தைத்த இடது கண். பிள்ளைகள் வைத்த பெயர் குல்லா மாமா. டிசம்பர் முதல் தேதி வருவார். தினமும் காலையில் வீட்டுக்குள் ஒரு புது இடத்தில் உட்கார்ந்திருப்பார். பெரியவளுக்கு எட்டு வயது, சின்னவனுக்கு ஐந்து. இரண்டும் கண்ணைக் கசக்கிக்கொண்டே வந்து தேடும். கண்டுபிடிக்கும். கத்தும். அவ்வளவுதான். கிறிஸ்துமஸோடு மாமா ஊருக்குக் கிளம்பிவிடுவார். அவருடைய ஊர் எங்கள் அலமாரியின் மேல்தட்டு.

இத்தனை வருஷமாக மாமாவை இடம் மாற்றியது என் மனைவி. எப்படி மாற்றுவாள் என்கிறீர்கள்? அடுப்பில் பால் வைப்பாள். அது பொங்குவதற்குள் மாமாவைத் தூக்கி ஃபிரிட்ஜ் மேல் வைப்பாள். மறுநாள் செருப்பு ஸ்டாண்டு. அதற்கு மறுநாள் ஜன்னல் விளிம்பு. சில நாள் மறந்தே போய்விடுவாள். "மாமா நேத்து இருந்த இடத்துலயே இருக்காரே!" என்று பிள்ளைகள் கேட்டால், "அவருக்கு இன்னிக்கு வார லீவு" என்பாள். அதற்கும் இரண்டும் சிரிக்கும்.

எனக்கு வயிறு எரியும். காரணம் என் தொழில். நான் ஒரு பெரிய துணிக்கடையில் கண்ணாடி ஜன்னல் அலங்காரம் செய்கிறவன். தெருவைப் பார்த்த கண்ணாடிக்குப் பின்னால் ஆளுயரப் பொம்மைகளை நிறுத்துவேன். கோட்டு மாட்டுவேன். கழுத்தைத் திருப்புவேன். கண்ணுக்குத் தெரியாத நைலான் நூலில் குடையைப் பறக்க விடுவேன். அப்பேர்ப்பட்ட கலைஞன் வீட்டில், பொம்மை செருப்பு ஸ்டாண்டில் உட்காருவதா?

வாயைக் கொப்பளித்துவிட்டு நேரே சமையலறைக்குப் போனேன்.

"இந்த வருஷம் குல்லா மாமாவை நான் பாத்துக்கறேன்."

"உங்களுக்கு ஏங்க வீண் சிரமம்?"

"சிரமம் என்ன? பதினாறு வருஷமா பொம்மைகளோடவே காலம் தள்றவன் நான்."

"நான் பத்து வருஷமாத் தள்றேன்."

அவள் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. மருந்துக்கடைக் கவுண்டரில் நின்று பழகிய முகம் அது. எவ்வளவு பெரிய தும்மலுக்கும் அசையாது.

"பசங்களுக்கு விளையாட்டா இருக்கணும். அதை மட்டும் பாத்துக்குங்க."

"வெறும் விளையாட்டா? விழாவாவே ஆக்கிக் காட்டறேன்!"

"விழாம பாத்துக்குங்க."

அன்றே ஒரு பெரிய அட்டையில் கட்டம் போட்டேன். இருபத்துநாலு நாள், இருபத்துநாலு காட்சி. ஒவ்வொன்றுக்கும் என்னென்ன சாமான், எந்தக் கோணத்தில் விளக்கு, எல்லாம் சிவப்பு மையில்.

முதல் நாள். பிள்ளைகள் எழுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே எழுந்து, திரைச்சீலைக் கம்பியிலிருந்து புத்தக அலமாரிவரை நூல் கட்டி, சோப்பு டப்பாவில் மாமாவை உட்காரவைத்துக் கம்பிவட வண்டியில் அனுப்பினேன். பிள்ளைகள் வாயைப் பிளந்தன. பக்கத்து வீட்டு டிரைவிங் ஸ்கூல் மாஸ்டரையே கூட்டிவந்து காட்டினேன். மனிதர் கையைக் கட்டிக்கொண்டு மேலும் கீழும் பார்த்தார்.

"பிரமாதம் சார்! ஆனா முதல் நாளே டாப் கியர்ல போறீங்களே. இருபத்துநாலு நாள் வண்டி தாங்குமா?"

"எந்த வண்டி, மாஸ்டர்?"

"நீங்கதான் சார்."

பொறாமை. வேறென்ன?

இரண்டாம் நாள், வாஷ்பேசினில் மாமா மீன் பிடித்தார். யாராலும் முகம் கழுவ முடியவில்லை. மூன்றாம் நாள் பனிமலை. அன்று காலை மனைவி கழுத்தைத் தடவிக்கொண்டே வந்தாள்.

"என் தலையணை எங்கேங்க?"

"அது இப்ப பனிமலை."

"அப்ப நான் எதுல தலை வச்சுப் படுக்கறது?"

"கலைக்காகக் கொஞ்சம் விட்டுக்கொடுக்கணும்."

"சரி. உங்க தலையணையை விட்டுக்கொடுங்க."

அன்று முதல் என் தலைக்கு மடித்த துண்டு.

சின்னவன் பனிமலையில் கைவைக்க ஓடிவந்தான். தடுத்தேன். கடையில் செய்வதுபோல் இரண்டு நாற்காலிக்கு நடுவில் கயிறு கட்டினேன். "தொடக்கூடாது. தூர நின்னு ரசிக்கணும்" என்று கற்றுக்கொடுத்தேன். அவன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தூர நின்றான். ரசித்த மாதிரி தெரியவில்லை. பழகிவிடும் என்று நினைத்தேன்.

ஆறாம் நாள்தான் என் மூளை உச்சத்தைத் தொட்டது. கலர் பென்சிலுக்காகப் பிள்ளைகள் சண்டை போட்டுக்கொண்டன. உடனே ஒரு போர்டு எழுதி மாமாவின் தலைக்கு மேல் மாட்டினேன். 'குல்லா மாமா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கிறார்.' கீழே இரண்டு பத்தி. நல்லது, கெட்டது. கோடு கோடாக மதிப்பெண்.

வீடு கப்சிப்.

"பாத்தியா? எவ்வளவு அமைதி!" என்றேன் மனைவியிடம், மார்பை நிமிர்த்தி.

"ஆமாங்க. ஆஸ்பத்திரி வராந்தா மாதிரி."

அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

ஆனால் இரண்டு நாளில் சில மாற்றங்கள் என் கண்ணிலேயே பட்டன. சின்னவன் கூடத்தில் சுவரோரமாக நடந்தான். மாமாவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பால் குடித்தான். என்ன கேட்டாலும் ஜாடையில் பதில் சொன்னான். பெரியவள் ஒரு நோட்டுப் புத்தகம் போட்டு, தம்பி எத்தனை தடவை மூக்கில் விரல் விட்டான் என்று மாமாவிடம் ஒப்பிக்க ஆரம்பித்தாள். ஒன்பதாம் நாள் காலை, அன்றைய காட்சியைப் பார்க்கச் சின்னவன் வரவே இல்லை. தேடிக்கொண்டு போனேன். சமையலறையில் அம்மாவின் புடவைக்குப் பின்னால் நின்று ரகசியம் பேசிக்கொண்டிருந்தான்.

"அம்மா, கிறிஸ்துமஸ் எப்ப முடியும்?"

"இன்னும் வரவே இல்லையேடா கண்ணா."

"சீக்கிரம் வந்து சீக்கிரம் போயிடுமா?"

நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. பதினாறு வருஷத்தில் என் அலங்காரத்தைப் பார்த்துச் சிலர் பேசாமல் போனதுண்டு. ஒருவர் கொட்டாவி விட்டதுண்டு. யாரும் பயந்ததில்லை. பயந்த முதல் ஆள் என் பையன்.

பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனபின் மனைவியிடம் மெதுவாகப் பேச்சுக் கொடுத்தேன்.

"இப்ப என்ன பண்றது?"

"எனக்கென்னங்க தெரியும்? உங்க டிபார்ட்மென்ட்."

"போர்டைக் கழட்டிடட்டுமா?"

"சும்மா கழட்டினா, மாமா கோவிச்சுக்கிட்டாரான்னு கேப்பான்."

"அப்ப இருக்கட்டுமா?"

"இருந்தா சுவத்தைப் பாத்தே வளருவான்."

"ஏதாவது வழி சொல்லேன்."

"யோசிப்போம்," என்றாள். எங்கள் வீட்டு இலக்கணத்தில் 'யோசிப்போம்' என்பது ஒருமை.

பத்தாம் நாள் காலை. மாமாவை ஊஞ்சலில் ஆடவிடுவதற்காக நூலும் கையுமாகக் கூடத்துக்கு வந்தேன். போர்டைக் காணோம். கயிற்றைக் காணோம். மாமா சாப்பாட்டு மேஜையில், சின்னவனின் பால் குவளையில் சாய்ந்தபடி காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு கடிதம். பிள்ளைகள் இருவரும் இரண்டடி தள்ளி நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நான் எடுத்துப் பிரித்தேன். ஓர் எழுத்துகூடப் புரியவில்லை. மனைவி கையை நீட்டினாள். பன்னிரண்டு வருஷமாக டாக்டர்களின் கையெழுத்தைப் படித்து மருந்து கொடுத்துத் தேறியவள் அவள். கணீரென்று வாசித்தாள்.

"'அன்புள்ள மருமகளுக்கும் மருமகனுக்கும் குல்லா மாமா எழுதுவது. நான் நலம். முதுகு மட்டும் நலமில்லை. ஒன்பது நாளாக உங்கள் அப்பா என்னை நூலில் தொங்கவிட்டார், தண்ணீரில் குந்தவைத்தார், தலையணைப் பஞ்சில் புதைத்தார். பொறுத்துக்கொண்டேன். ஆனால் நான் உங்களைக் கண்காணிக்கிறேன் என்று ஒரு போர்டு மாட்டினாரே, அது பச்சைப் பொய். எனக்கு ஒரு கண் சரியாகவே தெரியாது. நான் விளையாட வந்தவன்.'"

சின்னவன் லேசாகச் சிரித்தான். ஒரு அடி முன்னால் வந்தான்.

"'ஆகவே இன்று முதல் நீங்கள்தான் என்னை ஒளித்துவைக்க வேண்டும். தேட வேண்டியவர் அப்பா. பக்கத்தில் வந்தால் சூடு, தள்ளிப்போனால் ஜில் என்று மட்டும் சொல்லலாம். நூல், பஞ்சு, போர்டு, மதிப்பெண் எதுவும் கூடாது. மறந்துபோனால் அன்றைக்கு லீவு. யாரும் வருத்தப்பட வேண்டாம்.'"

"அப்படியா எழுதியிருக்கு? குடு இங்கே." வாங்கிப் பார்த்தேன். "இதுல 'அப்பா'ன்னு எங்கே இருக்கு?"

"இதோ, இந்த வளைவு."

"எறும்பு நடந்த மாதிரி இருக்கு!"

"எறும்புக்குக்கூட உங்களைத் தெரிஞ்சிருக்கு பாருங்க."

எனக்குக் குல்லா போட்டது மாமா அல்ல என்பது எனக்குத் தெரியும். ஆனால் படிக்கத் தெரியாத கடிதத்தை எதிர்த்து எப்படி வாதாடுவது? அதற்குள் சின்னவன் மாமாவைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டிருந்தான். பத்து நாளில் முதல் தடவையாக.

"அப்பா, நீங்க போய்க் குளிங்க!" என்று இருவரும் என்னைக் குளியலறைக்குத் தள்ளினார்கள்.

குளித்து, உடுத்தி, கடைக்குக் கொண்டுபோகும் பையை முதுகில் மாட்டிக்கொண்டு தயாரானேன். கண்டுபிடித்த கையோடு பஸ்ஸுக்கு ஓட வேண்டுமே. ஐந்து நிமிஷத்தில் முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன்.

சமையலறைக்குப் போனேன்.

"சூடு!" என்று இரண்டும் கத்தின.

எல்லா டப்பாவையும் திறந்தேன். இல்லை. படுக்கையறைக்குப் போனேன்.

"சூடு! சூடு!"

"ரெண்டும் எப்படிடா சூடாகும்? ஏதாவது ஒண்ணு ஜில்லா இருக்கணுமே!"

மெத்தையைத் தூக்கினேன். கட்டிலுக்கடியில் தவழ்ந்தேன். குளியலறையில் பக்கெட்டைக் கவிழ்த்தேன்.

"சூடு! சூடு! சூடு!"

"மாடிப்படிக்குப் போகட்டுமா?"

"போங்கப்பா. அங்கேயும் சூடு!"

அந்த நேரம் மனைவி டீ டம்ளரோடு என்னைக் கடந்து போனாள். ஒரு கணம் நின்று பார்த்தாள். "கொதிக்குதே," என்று சொல்லிவிட்டுப் போனாள். சின்னவன் தரையில் விழுந்து புரண்டு சிரித்தான். சத்தம் போட்டுச் சிரித்தான். ஜாடையெல்லாம் போன இடம் தெரியவில்லை. நாற்பது நிமிஷம் தேடினேன். கடைசியில் இரண்டு கையையும் தூக்கித் தோல்வியை ஒப்புக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினேன்.

பஸ்ஸில் எல்லாரும் என்னைப் பார்த்துப் புன்னகை செய்தார்கள். முந்தின நாள்தான் முடி வெட்டியிருந்தேன். நன்றாக அமைந்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்து நானும் திருப்பிப் புன்னகை செய்தேன். கைக்குழந்தை ஒன்று என் பின்னால் எதையோ பார்த்துக் கையாட்டியது. அதற்கும் ஒரு புன்னகை.

கடை வாசலில் மேனேஜர் நின்றிருந்தார். சிரிக்கிற வழக்கம் இல்லாத மனிதர்.

"உள்ளே வாங்க. முக்கியமான விஷயம். உங்க ஜன்னல் அழகாத்தான் இருக்கு. ஆனா ஜனங்க பாத்துக்கிட்டே நடந்து போயிடறாங்க. யாரும் நிக்கறதில்லை. அடுத்த வருஷத்துலேருந்து அலங்காரம் வேண்டாம், ஒரு பெரிய படத்தை அச்சடிச்சு ஒட்டிடலாம்னு மேலிடத்துல சொல்றாங்க."

நாற்காலியைப் பிடித்துக்கொள்வதற்காகத் திரும்பினேன்.

பின்னாலிருந்து ஒரு விநோதமான சத்தம் வந்தது. மேனேஜர் சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீர் வர, வயிற்றைப் பிடித்துக்கொண்டு.

"முதுகுல யாருங்க அது?"

பையைக் கழற்றிப் பார்த்தேன். பெரியவளின் தலை ரிப்பனால் கட்டப்பட்டு, குல்லா மாமா இறங்கிய கண்ணால் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். வீடு முழுக்கச் சூடானதன் மர்மம் அப்போதுதான் விளங்கியது.

வெட்கத்தை விழுங்கிக்கொண்டு முழுக்கதையையும் சொன்னேன். மேனேஜர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"எத்தனை நிமிஷம் தேடினீங்க?"

"நாப்பது."

"நாப்பது நிமிஷம்! நம்ம ஜன்னல் முன்னாடி நாலு வினாடி யாராவது நிப்பாங்களான்னு பாக்கறேன்."

நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அடுத்த நிமிஷம் நான் ஜன்னலுக்குள் இருந்தேன்.

அன்று மதியத்துக்குள் கடையின் தையல்காரர் அதேபோல இன்னொரு குல்லா மாமாவைத் தைத்துக் கொடுத்தார். கண்ணை மட்டும் நேராகத் தைத்துவிட்டார். பறக்கும் குடைகளை இறக்கினேன். விளக்குகளில் பாதியை அணைத்தேன். கோட்டுப் பைக்குள்ளிருந்து சிவப்புக் குல்லாவின் நுனி மட்டும் தெரிகிற மாதிரி மாமாவை ஒளித்துவைத்தேன். கண்ணாடியில் ஒரே ஒரு வரி: 'குல்லா மாமா எங்கே?' பரிசு கிடையாது, போட்டி கிடையாது. தினம் ஓர் இடம்.

பள்ளிக்கூடம் விடுகிற நேரத்துக்கு ஜன்னல் முன்னால் பதினேழு பிள்ளைகள். நானே உள்ளிருந்து எண்ணினேன். மறுநாள் கூட்டம் நடைபாதையை அடைத்துக்கொண்டது. பிள்ளைகளை இழுத்துப்போக வந்த அப்பாக்கள் தாங்களும் மூக்கை அழுத்திக்கொண்டு நின்றார்கள். கண்ணாடி துடைக்கிற அம்மா வந்து என்னிடம் முறையிட்டாள்.

"இதென்னங்க, கண்ணாடி பூரா கை ரேகையும் மூக்கு ரேகையுமா இருக்கு?"

"இருக்கட்டும்மா. சாயங்காலம் துடைச்சுக்கலாம்," என்றேன், கயிறு கட்டின அதே நான்.

மேலிடத்திலிருந்து ஆள் வந்து பார்த்தார். அச்சடித்த படப் பேச்சு அதோடு நின்றது. மேனேஜர் எல்லார் முன்னாலும் என் தோளில் தட்டினார். சனிக்கிழமை மனைவி பிள்ளைகளோடு வந்தாள். சின்னவன் இரண்டு கையையும் கண்ணாடியில் பதித்து, அரை மணி நேரம் நகரவே இல்லை.

வீட்டிலும் வெற்றிதான். தினம் காலையில் நான் தேடினேன். மாமா குளிர்கோட்டின் கைக்குள் இருந்தார். காலி கேக் டின்னில் இருந்தார். ஒருநாள் மாஸ்டரின் வண்டி ஸ்டியரிங்கில் இருந்தார். அவரும் உடந்தை. எனக்கும் ஒரு ரகசியம் பிடிபட்டது. சின்னவனால் கண்ணைக் கட்டுப்படுத்த முடியாது. மாமா இருக்கும் திசைக்கே அது ஓடும். அதை வைத்தே பத்து நாள் கண்டுபிடித்தேன். கண்டுபிடிப்பதற்கு முன்னால், நியாயமாக, மூன்று தப்பான இடத்தில் முட்டிக்கொள்வேன். அதுதான் அவனுக்கு ரொம்பப் பிடித்தது.

ஒருநாள் மட்டும் முக்கால் மணி நேரம் தேடியும் மாமா அகப்படவில்லை. பிறகுதான் தெரிந்தது, பிள்ளைகள் தூக்கக் கலக்கத்தில் இடம் மாற்ற மறந்துபோனதால், மாமா அலமாரியில் நேற்றைய இடத்திலேயே இருந்தார்.

"லீவுப்பா!" என்றாள் பெரியவள்.

"உனக்குத் தெரியுமா இது?" என்று மனைவியைக் கேட்டேன்.

"தெரியுமே."

"சொல்லியிருக்கலாமே!"

"தேடறப்ப ரொம்ப நல்லா இருந்தீங்க. மனசு வரலை."

கிறிஸ்துமஸ் அன்று வீடு நிறைந்திருந்தது. மாஸ்டர் குடும்பத்தோடு வந்திருந்தார். மேனேஜரும் வந்திருந்தார். மூலையில் கூரையை முட்டிக்கொண்டு நின்ற மரம், தலையிலிருந்து கால்வரை விளக்கும் நட்சத்திரமுமாக மின்னியது. கேக் வெட்டினோம். 'கிறிஸ்துமஸ் போகாம இருக்குமா?' என்று சின்னவன் என் மடியில் உட்கார்ந்து கேட்டான். அந்த ஒரு கேள்விக்காகவே என்னை நானே தட்டிக்கொடுத்துக்கொண்டேன்.

அப்போது பெரியவள் ஒரு காகிதக் கிரீடத்தைக் கொண்டுவந்து என் தலையில் வைத்தாள். மனைவி தங்க நிற ரிப்பன் கட்டிய ஒரு பத்திரத்தை நீட்டினாள்.

"நாங்க மூணு பேரும் சேர்ந்து எழுதினது. நீங்களே படிங்க. உங்க குரல்ல கேட்டாத்தான் நல்லா இருக்கும்."

சபை அமைதியானது. நான் எழுந்து நின்றேன். தொண்டையைச் செருமிக்கொண்டேன். ஏற்ற இறக்கத்தோடு, கடைசி வரிசைக்கும் கேட்கும்படி வாசித்தேன்.

"'இந்த வருஷத்தின் மாபெரும் தேடல் மன்னர் எங்கள் அப்பா! பதினைந்து நாளில் பத்து நாள் வென்றவர்! இவருக்கு நிகர் இவரே!'"

கைதட்டல். நான் கையமர்த்தினேன்.

"'இந்தப் பட்டத்துக்கு மட்டுமே உரிய பெருமைகள் பின்வருமாறு. மரத்திலுள்ள நூற்று நாற்பது நட்சத்திரங்களையும் ஒவ்வொன்றாகக் கழற்றுவது. விளக்குச் சரங்களைச் சிக்கெடுப்பது. எல்லாவற்றையும் பெட்டியில் அடுக்கி வீட்டைப் பெருக்கி முடிப்பது. வேறு யாரும் கைவைக்கக் கூடாது. இதற்கு முழு மனதோடு சம்மதம் என்று சபையோர் முன்னிலையில் உரக்கச் சொல்கிறேன்!'"

உரக்கத்தான் சொன்னேன். மேனேஜர் எழுந்து நின்று கைதட்டினார். மாஸ்டர் விசிலடித்தார். மனைவி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள்.

"ஸ்டூலை எந்தப் பக்கம் போடட்டுங்க?"